பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தவன்

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை அது. காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு ஐந்து பேர் கல்குவாரிப் பள்ளத்துக்குள் இறங்கினார்கள். திரும்ப ஏறி வந்தது நான்கு பேர். அந்த நான்கு பேரில் ஒருவன் கன்னியப்பன்.

சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அவனுடையது. வயது நாற்பத்து மூன்று. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவனுடைய அப்பா அடுத்தவர் கழனியிலேயே காலத்தைக் கழித்து அங்கேயே மயங்கி விழுந்து செத்தவர். அதைப் பார்த்துவிட்டுக் கழனி வேலையே வேண்டாம் என்று பதினெட்டு வயதில் குவாரிக்குப் போனவன் கன்னியப்பன். முதலில் சம்மட்டி பிடித்தான், பிறகு கம்ப்ரசர் டிரில். வெடி வைப்பதற்குப் பாறையில் குழி போடுகிற வேலை. கை நடுக்கம் வந்து சோற்றைப் பிசைய முடியாத நாட்கள் உண்டு. ஆனாலும் கூலி ஒழுங்காக வந்தது. எல்லம்மாளைக் கட்டினான். ஒரே பெண் இளமதியைப் பிளஸ் டூ வரைக்கும் படிக்க வைத்தான்.

சுகுமார் அவனுக்கு அடுத்த தெரு. பதினாறு வருடம் ஒரே மொபெட்டில் வேலைக்குப் போனவர்கள். டிரில்லை ஒருவன் பிடித்தால் மற்றவன் கம்பியை மாற்றிக் கொடுப்பான். அந்த இரைச்சலில் பேச முடியாது என்பதால் இருவருக்கும் கண்ஜாடையே பேச்சாகிவிட்டிருந்தது.

அன்றைக்கு ஒன்பதே கால் மணி இருக்கும். கன்னியப்பன் தலையை நிமிர்த்தித் துண்டால் முகத்தைத் துடைத்தான். எதிரே செங்குத்தாக நின்ற பாறைச் சுவரின் பாதி உயரத்தில், ஒரு வெடிப்பிலிருந்து மண்ணும் பொடிக்கல்லும் மெல்லிய நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்தன. சாக்கில் ஓட்டை விழுந்தால் அரிசி ஒழுகுமே, அப்படி. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி டிரில்லைப் பிடித்தான். முந்தின வாரம் இதே மாதிரி மண் சரிகிறது என்று வேலையை நிறுத்தி மேலே ஏறியதற்கு சூப்பர்வைசர் வேதகிரி எல்லாரையும் நிற்க வைத்து வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார். இன்னொரு முறை அந்தப் பேச்சைக் கேட்க அவனுக்கு மனமில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் இன்னொரு கம்பி எடுக்க இருபது அடி தள்ளிப் போனான். முதுகுப் பக்கம் ஒரு காற்று வந்து தள்ளியது. சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது. திரும்பினபோது சுகுமார் நின்ற இடத்தில் ஒரு வீடு உயரத்துக்குக் கல் கிடந்தது. பொக்லைன் வைத்து அவனை வெளியே எடுக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. எடுத்ததை அவன் மனைவி மலர்க்கொடிக்குக் காட்டவில்லை. கன்னியப்பன்தான் பார்த்து, இது சுகுமார்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

அவனுக்கு உடம்பில் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டார்கள். குலதெய்வம் காப்பாற்றியது என்று எல்லம்மாள் பொங்கல் வைத்தாள். பொங்கல் பானை பொங்கும்போது கன்னியப்பன் பானையைப் பார்க்கவில்லை. கோயிலுக்கு மேலே சாய்ந்திருந்த வேப்பமரக் கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எங்கே ஒடியும், ஒடிந்தால் யார் தலையில் விழும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது ஆரம்பித்தது, அப்புறம் விடவே இல்லை. அவர்கள் இருந்தது அரசாங்கம் கட்டிக் கொடுத்த பழைய தொகுப்பு வீடு. கூரைத் தளத்தில் அங்கங்கே காரை பெயர்ந்து கம்பி தெரியும். இருபது வருடமாக அப்படித்தான் இருந்தது. இப்போது அவன் உள்ளே நுழைந்தாலே கண் மேலே போய் ஒட்டிக்கொண்டது. கட்டிலை ஆறு தடவை இடம் மாற்றினான். பிறகு எல்லாரையும் வாசலில் படுக்கச் சொன்னான். கல்யாணப் பந்தலில் இலை போட்டு உட்கார வைத்தால் பந்தக்காலைப் பார்த்துக்கொண்டே பாதியில் எழுந்து வந்துவிடுவான். பஸ்ஸில் உட்கார மாட்டான். படிக்குப் பக்கத்தில் நின்று, எதிரே வருகிற ஒவ்வொரு லாரியையும் கண்ணால் தாண்டவைத்து அனுப்புவான். ஊருக்குள் மேல்நிலைத் தொட்டி இருக்கிற தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போவான். பொடிசுகள் அவன் போகும்போது வானத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

பயந்தவன் என்று ஊர் சொன்னது. அவனுக்கு அது பயமாகவே தெரியவில்லை. பார்க்கிறோம், அவ்வளவுதான். அன்றைக்குப் பார்த்தும் சும்மா இருந்தோம், இனிமேல் அப்படி இருக்கக் கூடாது. இதுதான் அவன் மனசில் ஓடியது. வாய் விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

வைகாசியில் பிளஸ் டூ முடிவு வந்தது. இளமதி செல்போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஒவ்வொரு பாடமாக மார்க்கைப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள்தான் இரண்டாவது. படித்து முடித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கன்னியப்பன் சுற்றுகிற மின்விசிறியின் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது லேசாக ஆடுகிறது என்றான். அவள் போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அவனிடம் எதையும் தானாக வந்து சொன்னதில்லை.

எல்லம்மாள்தான் பிடிவாதமாக அவனைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மனநலப் பிரிவில் நிஷா என்கிற டாக்டர் இருந்தார். முப்பது வயது இருக்கும், பொறுமையாகக் கேட்கிறவர். அவர் இவனை ஒரு லேப்டாப்புக்கு முன்னால் உட்கார வைத்தார். திரையில் ஒரு கண் சிமிட்டல் நேரத்துக்கு இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒன்று மாடு, நாற்காலி, குடம் என்று சாதாரணமானது. இன்னொன்று நெருப்பு, ரத்தம், உருண்டு வருகிற கல். இரண்டும் மறைந்ததும் ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி தெரியும். புள்ளி தெரிகிற பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். இவன் அரை மணி நேரம் அழுத்தினான். சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனால் சட்டை முதுகோடு நனைந்துவிட்டது.

கல் இருந்த பக்கத்தில் புள்ளி வந்தால் அவன் உடனே அழுத்துகிறான் என்றார் டாக்டர். மாடு இருந்த பக்கத்தில் வந்தால் நேரமாகிறது. ஏனென்றால் கண் இன்னும் கல்லை விட்டு வரவில்லை.

“எல்லாருக்கும் ஆபத்து கண்ணுல படும்ங்க. பட்டதும் பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க. உங்க கண்ணு அங்கேயே மாட்டிக்குது. அந்த நேரத்துல பக்கத்துல என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது” என்றார்.

“நான் நல்லா பாக்குறேன்மா. ஊர்ல எவனும் பாக்காததெல்லாம் எனக்குத் தெரியிது” என்றான் கன்னியப்பன்.

“நீங்க ஒண்ணை மட்டும்தான் நல்லா பாக்குறீங்க” என்றார் டாக்டர்.

அடுத்த முறை போனபோது அதே படங்களுக்கு அவன் கண் நேர்மாறாகச் செய்தது. கல் வந்தாலே அந்தப் பக்கம் திரும்பாமல் தப்பித்து ஓடியது. சில நாள் ஒட்டிக்கொள்ளும், சில நாள் ஓடும், இரண்டும் ஒரே காயத்திலிருந்து வருவதுதான், வாரா வாரம் வந்தால் பேசிப் பேசிச் சரி செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். நான்கு வாரம் போனான். சுகுமாரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். கம்பி எடுக்கப் போனது வரைக்கும் சொன்னான். மண் நூலாக வழிந்ததைச் சொல்லவில்லை. போக வர மூன்று பஸ், ஒரு நாள் முழுசாகப் போயிற்று. ஐந்தாவது வாரம் எல்லம்மாளுக்கு நடவு வேலை வந்தது. தனியாகப் போக அவனுக்கு முடியவில்லை. அதோடு நின்றது. டாக்டர் கடைசியாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். உயரத்திலோ இயந்திரங்களுக்கு நடுவிலோ இவரை வேலைக்கு வைக்க வேண்டாம், ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கிற பொறுப்பைத் தர வேண்டாம் என்று அதில் இருந்தது.

ஆடி மாதம் குவாரியை மறுபடி திறந்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்துப் புதிதாக நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். பாறைச் சுவரைக் கவனிப்பதற்கென்றே தனியாக ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வேதகிரி கன்னியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கன்னியப்பன் கடிதத்தோடு போனான். அதைக் காட்டினால் ஷெட்டில் கணக்கு எழுதுகிற மாதிரி ஏதாவது லேசான வேலை தருவார் என்று எல்லம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். வேதகிரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு ஒரு விசிலையும் சிவப்புக் கொடியையும் எடுத்து முன்னால் வைத்தார்.

“பாறைய பாத்துக்கினே கீறதுதான உனக்கு வியாதி? அதையே வேலையா செய். சம்பளம் தரேன்” என்றார்.

கன்னியப்பனுக்கு இதில் ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் அதைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. இந்த முறை பார்த்ததைச் சொல்லலாம். சொல்வதற்கே ஒரு விசில். அவன் வாங்கிக்கொண்டான். ஒரு நோட்டில் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டான். சுவரைக் கவனிப்பதோடு, உள்ளே வருகிற டிப்பர் லாரிகள் பின்னால் எடுக்கும்போது வழிகாட்டுவதும் அந்த ஆளின் பொறுப்பு என்று நோட்டில் எழுதியிருந்தது. அதை யாரும் படித்துக் காட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

மலர்க்கொடியும் அங்கேதான் வேலைக்கு வந்தாள். சுகுமாருக்குப் பதிலாக அவளுக்கு ஒரு வேலை தருவதாகப் பேச்சு. பள்ளத்துக்குள் இறங்குகிற சரிவுப் பாதையின் அடியில் நின்று, லோடு ஏற்றிப் போகிற ஒவ்வொரு டிப்பருக்கும் டோக்கன் கொடுக்க வேண்டும். புருஷன் செத்த இடம் அவளுக்கு நூறு அடி தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

முதல் வாரத்தில் கன்னியப்பன் ஏழு தடவை விசில் அடித்தான். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். பொக்லைன் நின்றது, டிப்பர்கள் சரிவில் ஏறி வெளியே போயின. ஒன்றும் விழவில்லை. இரண்டாவது வாரத்தில் ஆட்கள் திட்ட ஆரம்பித்தார்கள். அணில் ஓடினாலும் ஊதுகிறான் என்றார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அவன் ஊதின பிறகு உண்மையாகவே இரண்டு குண்டுக்கல் உருண்டு, ஆட்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில் வந்து விழுந்தது. யாருக்கும் அடியில்லை. கன்னியப்பனுக்கு அன்றைக்குக் கண் கலங்கியது. எவனாவது வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தான். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எல்லாரும் வேலையைத் தொடர்ந்தார்கள். வேதகிரி வந்து, கல்லை ஒதுக்க ஏன் ஒரு மணி நேரம் ஆயிற்று என்று கேட்டார்.

சாயங்காலம் மலர்க்கொடி மட்டும் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். “நீ பாத்துக்கினு கீறேன்னு தெம்புலதான்ணா நான் தெனமும் கீழ எறங்குறேன்” என்றாள்.

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் மூன்று மாதம் நின்றான். காலையில் பள்ளத்தில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து சுவரிலிருந்து கண்ணை எடுக்க மாட்டான். சாப்பாட்டு டப்பாவைக்கூடச் சுவரைப் பார்த்தபடியே தடவித் திறப்பான். எந்த வெடிப்பு எவ்வளவு நீளம், எதில் தண்ணீர் கசிகிறது, எதில் புல் முளைத்திருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம். சுவருக்கு இந்தப் பக்கம் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. டிப்பர்கள் தாங்களாகவே பின்னால் எடுத்தன, தாங்களாகவே போயின. ஒரு டிப்பரில் பின்னால் எடுக்கும்போது அடிக்கிற ஹாரன் கெட்டுப்போய் மூன்று வாரமாக அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி டிரைவர் இரண்டு தடவை ஷெட்டில் சொல்லியிருக்கிறான். கன்னியப்பன் அதைக் கவனித்ததே இல்லை.

கார்த்திகை மாதம், முந்தின நாள் பெய்த மழையில் பாறை இன்னும் ஈரமாக இருந்தது. மத்தியானம் மூன்று மணி. சுவரின் பாதி உயரத்தில் ஒரு வெடிப்பிலிருந்து மண் நூலாக வழிய ஆரம்பித்தது.

கன்னியப்பன் ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான். ஆட்கள் ஓடினார்கள். மலர்க்கொடி சரிவில் ஏறி ஓடினாள். ஹாரன் இல்லாத டிப்பர் அப்போது பாதி லோடோடு நின்றுகொண்டிருந்தது. விசில் விடாமல் கேட்டதும், இந்த முறை பெரிதாக ஏதோ வருகிறது என்று டிரைவர் பதறிப்போய் வண்டியைச் சரிவுப் பக்கம் பின்னால் எடுத்தான். பொக்லைன் மேலே இருந்தவன் நிறுத்து நிறுத்து என்று கத்தினான். நான்கு பேர் கத்தினார்கள். மலர்க்கொடியும் கத்தினாள். கன்னியப்பனுக்கு அது எல்லாம் கேட்டது. கேட்டது எல்லாம் சுவரிலிருந்து வருகிற மாதிரியே கேட்டது. மண் வழிகிற அந்த இடத்தை விட்டுக் கண் நகரவில்லை. இன்னும் வேகமாக ஊதினான்.

யாரோ வந்து வாயிலிருந்து விசிலைப் பிடுங்கி எறிந்தபோதுதான் திரும்பினான். மலர்க்கொடியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே டிப்பர் சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

சுவர் விழவில்லை. கொஞ்ச நேரம் மண் வழிந்தது, பிறகு நின்றுவிட்டது.

மலர்க்கொடி உயிர் பிழைத்தாள். காலை எடுத்துவிட்டார்கள். போலீஸ் வழக்கில் இரண்டு பேர் பெயர் இருந்தது, டிப்பர் டிரைவரும் கன்னியப்பனும். பாதுகாப்புக்கென்று நியமிக்கப்பட்டவர், வண்டிகளைக் கவனிக்கத் தவறினார், தேவையில்லாமல் விசில் ஊதிப் பீதியைக் கிளப்பினார் என்று எழுதியிருந்தது. அவன் கையெழுத்துப் போட்ட நோட்டை வேதகிரி கொண்டுவந்து கொடுத்திருந்தார். முதலாளி பெயரும் வேதகிரி பெயரும் எதிலும் இல்லை. ஸ்டேஷனில் ஒரு நாள் உட்கார வைத்து, பிறகு ஜாமீனில் விட்டார்கள்.

எல்லம்மாள் உத்திரமேரூரில் தமிழ்வாணன் என்கிற வக்கீலைப் பிடித்தாள். நல்ல மனிதர், அவர்களிடம் அதிகம் எதிர்பார்க்காதவர். டாக்டர் கடிதம் இருந்தால் இவனைக் காப்பாற்றிவிடலாம் என்றார். அது வேதகிரியின் இழுப்பறையில் இருந்தது. கன்னியப்பன் போய்க் கேட்டான். அப்படி ஒரு கடிதத்தைக் கண்ணாலேயே பார்த்ததில்லை என்றார் வேதகிரி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்லவேளையாக ஆஸ்பத்திரிப் பதிவில் ஒரு நகல் இருந்தது. நிஷா டாக்டர் அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். போனில் பிடித்து நடந்ததைச் சொன்னார்கள். அவரே நகலுக்கு ஏற்பாடு செய்தார்.

அந்தக் கடிதமே அவன் கழுத்தைப் பிடித்தது. தனக்கு இப்படி ஒரு நோய் இருப்பது தெரிந்தும் மறைத்து வேலையில் சேர்ந்தான் என்று எதிர்த் தரப்பு அதையே எடுத்து வைத்தது. காட்டினேன் என்பதற்கு இவனிடம் சாட்சி இல்லை. ஊரில் அதுவரைக்கும் பயந்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், கோர்ட்டிலேயே பைத்தியம் என்று எழுதியாச்சு என்று பேசினார்கள். இளமதிக்கு வந்த ஒரு சம்பந்தம் அதோடு நின்றது. அவள் காலேஜும் போகவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறாள்.

மலர்க்கொடி போலீசில் கொடுத்த வாக்குமூலம் அவனுக்கு எதிராக இருந்தது. தமிழ்வாணன் படித்துக் காட்டினார். டிப்பரின் ஹாரன் வேலை செய்தது, விசில் ஊதுகிற ஆள்தான் வண்டியைப் பார்க்கவில்லை என்று அவள் சொல்லியிருந்தாள்.

அவள் வீட்டுக்குப் போகாதே என்று வக்கீல் சொன்னார். எல்லம்மாளும் சொன்னாள். தை மாதம் ஒரு காலை வேளையில் அவன் போனான். மலர்க்கொடி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

கன்னியப்பன் மண்ணில் குந்தினான். அவள்தான் முதலில் பேசினாள். குவாரியிலிருந்து ஆள் வந்தார்கள், செயற்கைக் கால் வைத்துத் தருகிறோம், பையனை ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறோம் என்றார்கள், எழுதி எடுத்து வந்ததைப் படித்துக் காட்டினார்கள், கைநாட்டு வைத்தேன் என்று எல்லாவற்றையும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஹாரன் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாதா என்றாள்.

“உன் மேல எனக்குக் கோவம் இல்ல மலரு” என்றான் அவன்.

“எனக்கு இருக்குது” என்றாள் மலர்க்கொடி. “எழுதினதுல ஹாரன் மட்டும்தான் பொய். மீதி நெசம்தான? நான் கத்தினேன். உன் பேரச் சொல்லித்தான் கத்தினேன். நீ பாறைய பாத்துக்கினு கீற. என்னைப் பாக்கல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்ல வேண்டியது ஒன்று அவனிடம் இருந்தது. அந்த மாசி மாதத்து வெள்ளிக்கிழமை மண் வழிந்ததைப் பார்த்தது, பார்த்தும் வாய் திறக்காதது. டாக்டரிடம் சொல்லாதது, எல்லம்மாளிடம் சொல்லாதது. அன்றைக்கு அதை அவளிடம் சொன்னான். உன் புருஷன் சாவதற்கு முன்னால் பார்த்தேன், சொல்லவில்லை, அதனால்தான் இந்த முறை ஊதுவதை நிறுத்த முடியவில்லை என்றான்.

மலர்க்கொடி புடைப்பதை நிறுத்தினாள். அழுவாள் என்று நினைத்தான், திட்டுவாள் என்று நினைத்தான். அவள் முறத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கட்டையை ஊன்றி எழுந்தாள். அவளைப் பிடிக்க அவன் கை நீண்டது, அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“இத சொல்லாமலே போயிருக்கலாம்ண்ணா” என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செயற்கைக் கால் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. பையனை ஹாஸ்டலில் சேர்க்கவில்லை. மலர்க்கொடி போன் செய்தால் குவாரியில் எடுப்பதில்லை என்று எல்லம்மாள் கேள்விப்பட்டாள். வழக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தள்ளிப் போகிறது. அவளே கூண்டில் ஏறி ஹாரனைப் பற்றி உண்மையைச் சொன்னால் எல்லாம் மாறும் என்று தமிழ்வாணன் நம்புகிறார். கன்னியப்பன் அதைக் கேட்டுக்கொள்வான். அவள் சொல்லக் கூடாது என்றுகூட அவனுக்குச் சில நேரம் தோன்றும்.

குவாரியில் வேறொரு ஆளை வைத்திருக்கிறார்கள். வேதகிரிக்கு ஏதோ உறவு. அவன் ஷெட்டு நிழலில் உட்கார்ந்து நாள் முழுக்கச் செல்போன் பார்க்கிறான், விசில் ஆணியில் தொங்குகிறது. எட்டு மாதத்தில் ஒரு கல் விழவில்லை. ஒரு மணி நேரம்கூட வேலை நிற்கவில்லை. பொறுப்பான ஆள் என்று வேதகிரி அவனைப் பற்றிச் சொல்வதாகக் கேள்வி. கன்னியப்பனுக்கு இதைச் சொன்னவர்கள் ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

இப்போது ஊர் ஏரியில் நூறு நாள் வேலை நடக்கிறது. தண்ணீர் வற்றிக் கிடக்கிற ஏரிக்குள் மண் வெட்டுகிற வேலை. கன்னியப்பன் கரையோரத்தில் நிற்க மாட்டான், அங்கே பனைமரங்கள் இருக்கின்றன. நட்ட நடு ஏரியில்தான் தனக்கு இடம் அளந்து கொடுக்கச் சொல்வான். வெயிலுக்கு ஒதுங்க இடம் இல்லாததால் வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்பதில்லை. மேலே விழுவதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. அங்கேயாவது ஓய்வாக இருப்பான் என்று எல்லம்மாள் நினைத்தாள். ஆனால் முன்பு மேலே மட்டும் பார்த்தவன் இப்போது பின்னாலும் பார்க்கிறான். நான்கு வெட்டு வெட்டினால் ஒரு தடவை நிமிர்ந்து முழுசாகச் சுற்றித் திரும்புகிறான், மறுபடி குனிகிறான். அவன் அளவு மண்ணை வெட்டி முடிக்க மற்றவர்களைவிட இரண்டு மணி நேரம் கூட ஆகிறது. மீதியை எல்லம்மாள் வந்து வெட்டிக் கொடுக்கிறாள்.

போன வாரம் அவள் தட்டைக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே, ஐப்பசி பிறந்தால் ஏரி நிரம்பிவிடுமே, அப்புறம் வேலைக்கு எங்கே போவாய் என்று கேட்டாள். அவன் காதில் விழவில்லை. தூரத்தில் கரைமேல் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. அது வளைவில் மறைகிற வரைக்கும் மண்வெட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. கூடையைக் கொட்டிவிட்டு வந்து அடுத்த கூடைக்கு மண்ணை அவளே அள்ளினாள்.